இளிவில் பிறக்கும் அழுகை

வகுப்பில் வாய் ஓயாமல் பேசும் பையனை அடக்க நம் ஊர்ப் பள்ளிகளில் காலங்காலமாக ஒரு தண்டனை இருக்கிறது. "எந்திரிச்சுப் போயி பொண்ணுங்க பக்கம் உட்காரு." பிரம்பு போன பிறகும் இது போகவில்லை. சொன்ன மாத்திரத்தில் பையன்கள் வரிசையிலிருந்து ஓவென்று ஒரு சத்தம் கிளம்பும். அவன் காது சிவக்கப் பையைத் தூக்கிக்கொண்டு நடுவழியைக் கடப்பான். மாணவிகளின் கடைசி பெஞ்சில் ஒரு சாண் இடத்தில், ஒரு கால் வெளியே கிடக்க, ஒண்டி உட்காருவான். பக்கத்தில் இருப்பவள் தன் பையையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்து நடுவில் வைத்து ஒரு சுவர் கட்டுவாள். மணி அடிக்கும்வரை அவன் தலை நிமிராது. அவளும் ஒரு வரி எழுதமாட்டாள்.

அந்தப் பாடவேளையில் கரும்பலகையில் என்ன எழுதியிருந்தாலும் வகுப்பு படித்துக்கொள்ளும் பாடம் வேறு. பெண்ணுக்குப் பக்கத்தில் இருப்பது ஆணுக்குக் கேவலம். ஆண் பக்கத்தில் வருவது பெண்ணுக்கு ஆபத்து. தமிழாசிரியையாக வேலை பார்க்கும் எனக்கு, பிள்ளைகளை இன்ஸ்டாகிராம் கெடுத்துவிட்டது என்று ஆசிரியர் அறையில் யாராவது சொல்லும்போதெல்லாம் இந்தப் பெஞ்சுதான் நினைவுக்கு வரும். செல்போன் வருவதற்கு வெகுகாலம் முன்பே நிலத்தை உழுது வைத்தவர்கள் நாம். இருபாலரும் படிக்கும் பள்ளி என்று பலகை மாட்டியிருக்கிறோம். ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு முடியும்வரை ஒரு பையனும் ஒரு பெண்ணும் கணக்கு நோட்டைக் கேட்டு வாங்கினால்கூட விசாரணை வைக்கிறோம். ஒரே அறையில் ஏழு வருஷம் இருந்தும் பக்கத்து வரிசைப் பெண்ணின் குரல் எப்படி இருக்கும் என்று தெரியாத பையன்கள் உண்டு. அவளுக்கு எதில் சிரிப்பு வரும், எந்தப் பாடம் வராது, வீட்டில் எத்தனை மணிக்கு எழுந்து என்னென்ன வேலை செய்துவிட்டு வருகிறாள் என்று எதுவும் தெரியாது. அவனைப் பொறுத்தவரை பெண் என்பவள் திரையில் வருபவள். அங்கே அவளை முன்னும் பின்னும் ஓட்டலாம், நிறுத்தலாம், பெரிதாக்கிப் பார்க்கலாம், கீழே எதை வேண்டுமானாலும் எழுதலாம்.

2020இல் பள்ளிகள் மூடியபோது அந்தத் திரை வீட்டுக்கு வந்தது. ஆன்லைன் வகுப்புக்கென்று கடன் வாங்கிப் போன் வாங்கிக் கொடுத்த கூலி வேலைக் குடும்பங்கள் எத்தனையோ. அதே ஆண்டு ஜூன் 29 அன்று டிக்டாக் தடை செய்யப்பட்டது. அடுத்த சில நாட்களிலேயே இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்தது. பாடம் பாதியில் அறுந்து போனது. போன் மட்டும் கையில் தங்கிவிட்டது. மறு ஆண்டு ஜூன் மாதம், பப்ஜி விளையாட்டை நேரலையில் ஆடிக்கொண்டே பெண்களைக் காதில் வாங்க முடியாத ஆபாசத்தில் திட்டிவந்ததாக ஒரு தமிழ் யூடியூபரைத் தருமபுரியில் கைது செய்தார்கள். லட்சக்கணக்கில் சந்தாதாரர்கள்; அவர்களில் பலர் பள்ளிப் பிள்ளைகள். ஒரு ஆள் கெட்ட வார்த்தை பேசினான் என்ற அளவில் அந்தச் செய்தி முடிந்துபோனது. பதின்மூன்று வயதுப் பையன்கள் அதற்கு ஏன் ராத்திரி முழுக்க விழித்திருந்தார்கள் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

நான் கேட்டிருக்கிறேன். "சிரிப்பா இருக்கும்மா" என்பதுதான் முதல் பதில். இன்னும் கொஞ்சம் நின்று கேட்டால், "அவர் யாருக்கும் பயப்பட மாட்டார்மா" என்று வரும். அந்த இரண்டாவது பதிலில்தான் விஷயம் இருக்கிறது. காலையில் அப்பாவுக்கும், பள்ளியில் எங்களுக்கும், சாயங்காலம் டியூஷனுக்கும், தெருவில் பெரிய பையன்களுக்கும் பயந்து ஒடுங்கும் ஒரு பிள்ளை, யாருக்கும் பயப்படாத ஒருவனை வாய் பிளந்து பார்க்கிறான். அந்த ஆள் தன் பயமின்மையைக் காட்டத் தேர்ந்தெடுக்கும் இடம் ஒரு பெண்ணின் உடம்பு. அதிகாரியையோ முதலாளியையோ அவன் திட்டிவிடவில்லை. திருப்பி அடிக்காது என்று அவன் நம்பும் இடத்தில் கை வைக்கிறான். பார்க்கும் பிள்ளைக்கு இந்த வித்தியாசம் புரிவதில்லை. இதைப் புரியவைப்பதே ஒரு பாடவேளைக்கான வேலை.

சிக்மா, ஆல்ஃபா, சிம்ப் என்று ஆண்களைத் தரம் பிரிக்கும் வெளியூர்ச் சரக்கும் வராமல் இல்லை. ஒரு பெண்ணுக்குக் கதவைத் திறந்துவிட்டால் சிம்ப். 2025 மார்ச்சில் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'அடோலசன்ஸ்' என்ற பிரிட்டிஷ் தொடரைப் பார்த்துவிட்டு நண்பர்கள் பலர் பதறிப் பேசினார்கள். தன்னுடன் படித்த பெண்ணைக் குத்திக் கொன்றதாகப் பதின்மூன்று வயதுப் பையன் கைதாகிறான். பிள்ளைகள் அனுப்பிக்கொள்ளும் பொம்மைக் குறிகளுக்குள் ஒளிந்திருக்கும் வன்மம் பெரியவர்கள் கண்ணுக்குத் தெரியவே இல்லை. அங்கே அதை உயர்நிலைப் பள்ளிகளில் இலவசமாகத் திரையிட ஏற்பாடானது, பிரதமரே ஆதரித்தார். அந்தத் தொடர் எனக்கும் பிடித்தது. ஆனால் இந்த நோய் இங்கிலாந்திலிருந்து வருகிறது, நம் பிள்ளைகளுக்கு இனிமேல்தான் தொற்றும் என்று பேசுவதை ஏற்க முடியாது. நமக்கென்று சொந்தத் தயாரிப்பு இருக்கிறது. அதன் பெயர் லவ் ஃபெயிலியர்.

ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒரு வாரம் முழுக்க வாட்ஸப் ஸ்டேட்டஸில் அதையே வைத்துக்கொண்டிருந்தான். கறுப்பு வெள்ளையில் ஒரு கதாநாயகன் மழையில் நிற்கிறான், பின்னால் சோகப் பாட்டு, பெண்ணை நம்பினால் இதுதான் கதி என்று மேலே எழுத்து. வகுப்பு முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தேன்.

"யாருப்பா அந்தப் பொண்ணு?"

"பொண்ணெல்லாம் யாரும் இல்லம்மா."

"அப்ப எதுக்கு இந்த ஸ்டேட்டஸ்?"

"கஷ்டமா இருந்துச்சு."

"என்ன கஷ்டம்?"

தரையைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றான். "அப்பத்தா செத்துப்போச்சு."

அம்மா திருப்பூருக்கு வேலைக்குப் போனதிலிருந்து அவனை வளர்த்தவள் அந்தக் கிழவி. பச்சைப் பந்தலில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் நாற்காலி தூக்கிப் போட்டிருக்கிறான். சித்தப்பாமார்கள் "ஆம்பளப் புள்ளன்னா இப்படி இருக்கணும்" என்று முதுகில் தட்டியிருக்கிறார்கள். பிறகு ராத்திரியில் போனைத் திறந்தால், ஒரு ஆண் துக்கமாக இருப்பதற்கு ஊர் ஒத்துக்கொண்ட ஒரே ஒரு சட்டை அங்கே தைத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்து மாட்டிக்கொண்டான். அந்தச் சட்டையில் ஏற்கெனவே ஒரு பெண்மீது குற்றம் சாட்டி எழுதியிருக்கிறதே என்று அவன் பார்க்கவில்லை. மாட்டிக்கொண்டு கொஞ்ச நாள் திரிந்தால் அந்த எழுத்து உடம்பில் ஊறிவிடும்.

நான் சொல்ல வருவது இதைத்தான். தமிழ்நாட்டுப் பையனுக்குக் கோபத்தைத் தவிர இன்னொரு உணர்ச்சியை நாம் அனுமதித்திருக்கிறோம் என்றால் அது காதல் தோல்வி. அதையும் கோபத்தின் வாலாகவே அனுமதித்திருக்கிறோம். அவன் அழலாம், அழவைத்தவள் என்று ஒரு பெண்ணைக் கை காட்டினால். 2011இல் கொலவெறிப் பாட்டு உலகமெல்லாம் ஓடியபோது காதலில் தோற்றவர்களுக்கு சூப் பாய்ஸ் என்று ஒரு இனமே பிறந்தது. அதற்கு முன்னும் தாடி வளர்த்துக் குடித்து அழும் கதாநாயகர்கள் இருந்தார்கள், பின்னும் வந்தார்கள். சினிமா மட்டும்தான் காரணம் என்பது என் வாதமில்லை. அப்பா திட்டியது, மார்க் குறைந்தது, நிறத்தை வைத்துக் கேலி செய்தது, செருப்பு அறுந்து வெறுங்காலோடு வந்தது என்று அவன் வாழ்க்கையில் நூறு துக்கங்கள் இருக்க, அத்தனையும் வெளியேற ஒரே மடையைத் திறந்துவைத்தோம். அது ஒரு பெண்ணின் வீட்டு வாசலில் போய்க் கொட்டுகிறது.

கொட்டும்போது என்ன ஆகிறது என்பது செய்தித்தாளில் வருகிறது. 'ஒருதலைக் காதல்' என்று தலைப்புப் போடுவார்கள். 2016 ஜூன் 24 காலை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் வேலைக்குப் போக நின்ற பெண்ணை நடைமேடையிலேயே வெட்டினார்கள். 2024 நவம்பர் 20 அன்று தஞ்சாவூர் மாவட்டம் மல்லிப்பட்டினம் அரசுப் பள்ளியில், இருபத்தாறு வயது ஆசிரியை பள்ளிக்குள்ளேயே குத்திக் கொல்லப்பட்டார். கல்யாணத்துக்கு மறுத்தார், அவ்வளவுதான். அவர் தமிழ் கற்பித்தவர். அன்று மாலை எங்கள் பள்ளியில் யாரும் சீக்கிரம் வீட்டுக்குக் கிளம்பவில்லை. மறுநாள் பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு பையன், "அந்த டீச்சர் முன்னாடியே அவன்கிட்ட பேசியிருக்காங்களாம்ல" என்று கேட்டான். கெட்டவன் இல்லை அவன். பேசினால் கடன், கடனைத் திருப்பாவிட்டால் குற்றம் என்ற கணக்கு எங்கிருந்தோ அவனுக்குள் ஏறியிருந்தது. ஒரு பெண் பேசுவது வெறும் பேச்சாகவே இருக்கலாம் என்பதை அவன் எங்கே பார்த்திருப்பான்? ஏழு வருஷம் அவனை நாங்கள் எந்தப் பெண்ணோடும் பேசவிடவில்லையே.

இதையெல்லாம் எங்கே வைத்துப் பேசுவது? நீதி போதனை என்று ஒரு பாடவேளை உண்டு. நடைமுறையில் அது கணக்கு ஆசிரியருக்குச் சொந்தம். போர்ஷன் முடிக்க எடுத்துக்கொள்வார், நாமும் கொடுத்துவிடுவோம். அப்படியே கிடைத்தாலும் அதில் அறிவுரை சொன்னால் பையன்கள் நாளெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார்கள், ஒன்றும் உள்ளே போகாது. பெண்களை மதிக்க வேண்டும், தாய்க்குச் சமம் என்று மேடையில் பேசினால் கைதட்டிவிட்டு வெளியே வந்ததும் போனை எடுப்பார்கள். என்னிடம் இருந்தது தமிழ் வகுப்பு. அதில் தொல்காப்பியம் இருந்தது.

பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் மெய்ப்பாட்டியல் பாடமாக இருக்கிறது. திரைமொழி பற்றிய பாடமும் அதே இயலில்தான். பொதுத்தேர்வுக்கு, உணர்ச்சி உடம்பில் வெளிப்படும் எட்டு மெய்ப்பாடுகளின் பெயரையும் மனப்பாடம் செய்யவைத்து அடுத்த பாடத்துக்குப் போய்விடுவதுதான் வழக்கம். நிறுத்திப் படித்தால் அங்கே அதிசயம் இருக்கிறது. அழுகை பிறக்கும் இடம் நான்கு என்கிறார் தொல்காப்பியர். இழப்பு அதில் இரண்டாவதாகத்தான் வருகிறது. முதலில் அவர் வைப்பது இளிவு, பிறர் நம்மை இகழ்வதால் வரும் துயரம். பிறகு இருந்த நிலையிலிருந்து தாழ்வது, கடைசியாக வறுமை. காதலில் தோற்பது என்று தனியாக ஒன்று இல்லை. இந்த அழுகை பெண்ணுக்கு மட்டும் என்ற பேச்சும் இல்லை. எட்டும் மனிதருக்கு. பாரி இறந்தபின் பறம்பைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக் கபிலர் அழுகிறார். கம்பனின் இராமன் சடாயுவுக்காகக் கலங்குகிறான். நண்பனுக்காகவும் தந்தை போன்றவனுக்காகவும் வாய்விட்டு அழுத ஆண்கள் நிறைந்த இலக்கியத்தை, அழக்கூடாது என்று சொல்லி வளர்த்த பையன்களிடம் கொடுத்துப் பதவுரை எழுதச் சொல்கிறோம்.

மூலநூலை நான் வெள்ளையடிக்கவில்லை. பெருமையும் வலிமையும் ஆணுக்கு, அச்சமும் நாணமும் மடமும் பெண்ணுக்கு என்று பிரித்து வைத்ததும் அதே தொல்காப்பியம்தான், களவியலில். அதையும் வகுப்பில் சொல்லிவிடுவேன். ஒரே நூலுக்குள் இரண்டு குரல் இருக்கிறது, எதை நம் வீட்டில் எடுத்துக்கொண்டோம் என்று கேட்பதற்கு அது வசதி.

எட்டு மெய்ப்பாட்டையும் பலகையில் எழுதிவிட்டு ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தேன். பெயர் எழுத வேண்டாம். ஆண், பெண் என்று மட்டும் குறித்தால் போதும். இந்த எட்டில் உன் வீட்டில் நீ காட்டக்கூடாதது எது, எவ்வளவு காட்டினாலும் யாரும் கேட்காதது எது? பையன்கள் சீட்டில் அழுகையும் அச்சமும் வரும் என்று எதிர்பார்த்தேன், வந்தன. கட்டில்லாமல் காட்டலாம் என்று பெரும்பாலோர் எழுதியது வெகுளி, அதாவது கோபம். மாணவிகள் சீட்டில் காட்டக்கூடாதது வெகுளியாக இருக்கும் என்று நினைத்தேன். அதுவும் இருந்தது. ஆனால் சீட்டுக்குச் சீட்டு வந்தது நகை. சிரிப்பு! பொம்பள சிரிச்சா போச்சு, புகையிலை விரிச்சா போச்சு என்ற பழமொழியை ஒருத்தி சீட்டின் பின்பக்கம் முழுசாக எழுதி, கீழே "எங்க அம்மாச்சி" என்று கையெழுத்துப் போல் போட்டிருந்தாள். படித்துக் காட்டியபோது பையன்கள் பக்கம் அமைதியாகிவிட்டது. சத்தமாகச் சிரிப்பதற்குக்கூட வீட்டில் அனுமதி வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாது. அதே ஊர், அதே தெரு, சில சமயம் அதே வீடு.

பிறகு இளிவுக்குப் போனோம். உன்னை யாராவது கேவலப்படுத்திய ஒரு நாளை எழுது. எழுத மாட்டார்கள் என்று நினைத்தேன். பக்கம் பக்கமாக எழுதினார்கள். மாமன் வீட்டு விசேஷத்தில் எல்லார் முன்னாலும் அப்பா அறைந்தது. கருவாயா என்று கூப்பிட்டது. நடை மென்மையாக இருக்கிறது என்று ஒன்பது என்று கூப்பிட்டுப் பள்ளிக் கழிவறைக்குப் போகவே விடாதது. அந்தப் பிள்ளை காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லையாம். சத்துணவு வரிசையில் தட்டைப் பார்த்துச் சிரித்தது. ஒரு சீட்டில் மட்டும் பெண்ணைப் பற்றிய குறை இருந்தது. லைக் போட்டும் பதில் வரவில்லை என்று. மற்ற அத்தனையிலும் அவமானப்படுத்தியவர்கள் ஆண்கள். அப்பா, அண்ணன், சித்தப்பா, வாத்தியார், சீனியர். இதை நான் எண்ணிச் சொல்லவில்லை. சீட்டுகளை மேசையில் பரப்பிவைத்து அவர்களையே பிரிக்கச் சொன்னேன். பிரித்து முடித்த பையன் கொஞ்ச நேரம் இரண்டு குவியலையும் பார்த்துவிட்டு, "அப்ப நம்ம எதுக்குடா பொண்ணுங்கள திட்றோம்?" என்று தன் சிநேகிதனைக் கேட்டான். அந்தக் கேள்வியை நான் கேட்டிருந்தால் அது அறிவுரை.

இந்த இடத்தில் சாதியைச் சொல்லாமல் போனால் நான் எழுதுவது பொய்யாகிவிடும். தமிழ்நாட்டில் ஒரு பதின்வயதுப் பையனின் ரீல்ஸில் ஆண்மையும் சாதியும் ஒரே பாட்டில்தான் வரும். மீசை, அரிவாள், கையில் வண்ணக் கயிறு, ஆண்ட பெருமை, கூடவே "எங்க வீட்டுப் பொண்ண நிமிர்ந்து பார்த்தா" என்ற மிரட்டல். பெண்கள் அங்கே இரண்டே வகை: காவல் காக்கவேண்டிய தங்கச்சி, கமெண்ட் அடிக்கவேண்டிய ஃபிகர். தங்கச்சிக்கும் போன் கிடையாது, பேச்சு கிடையாது. பாதுகாப்பு என்ற பெயரில் அவளும் கைதிதான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவனை உடன் படித்த பிள்ளைகளே வீடு புகுந்து வெட்டிய பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, மறு ஆண்டு ஜூனில் கொடுத்த அறிக்கையில் வண்ணக் கயிறுகளைப் பள்ளியில் தடை செய்யச் சொன்னது. கயிற்றை வாசலில் கழற்றிவிடலாம். கயிறு கட்டியவன் தன் அக்காவின் போனைத் தினமும் வாங்கிச் சோதிப்பதை வாசலில் கழற்ற முடியாது. பெண் வெறுப்பைப் பற்றிய வகுப்பையும் சாதியைப் பற்றிய வகுப்பையும் வேறு வேறு நாளில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறவர்கள் எங்கள் ஊர்ப் பையன் ஒருவனின் போனை ஒருமுறை வாங்கிப் பார்க்க வேண்டும்.

பேசினால் மாறுமா என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. என் வகுப்பை வைத்து நான் பதில் சொல்லக்கூடாது. ஹரியாணாவை வைத்துச் சொல்கிறேன். 2011 கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குட்பட்டவர்களில் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 834 பெண் குழந்தைகளே இருந்த மாநிலம் அது. அங்கே 314 அரசுப் பள்ளிகளை எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் ஒரு பகுதியில் பிரேக்த்ரூ என்ற அமைப்பினர் ஏழாம் வகுப்பிலிருந்து பிள்ளைகளோடு இரண்டரை வருஷம், சுமார் மூன்று வாரத்துக்கு ஒருமுறை முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பேசினார்கள். வீட்டு வேலை யார் செய்வது, அக்காவை ஏன் படிப்பிலிருந்து நிறுத்தினார்கள், பயந்தால் ஏன் சொல்வதில்லை என்பது மாதிரியான பேச்சு. திவா தர், தருண் ஜெயின், சீமா ஜெயச்சந்திரன் ஆகியோர் ஏறத்தாழ 14,000 பிள்ளைகளை ஆராய்ந்து 2022இல் வெளியிட்ட முடிவு, பிற்போக்கான கருத்துகளில் சுமார் 16 சதவீதம் மாறியிருந்தது என்கிறது. வகுப்பு முடிந்து இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தபோதும் பெரும்பாலும் நிலைத்திருந்தது. பையன்கள் முன்பைவிட அதிகமாக வீட்டு வேலை செய்வதாகச் சொன்னார்கள். பெண்களின் படிப்புக் கனவில் பெரிய மாற்றமில்லை; அது முன்பே உயரத்தில்தான் இருந்தது.

16 என்பது சிலருக்குச் சிறிய எண்ணாகத் தெரியலாம். எனக்கு அது பெரிதாகத் தெரிகிறது. மூன்று வாரத்துக்கு முக்கால் மணி நேரம்! நாம் கணக்குக்குத் தாரைவார்க்கும் நீதி போதனை வேளையில் பாதிகூட இல்லை. அதிலும் அந்த இரண்டரை வருஷத்தை நான் அடிக்கோடிடுவேன். காவல் துறையிலிருந்து ஒருவரை அழைத்து ஒருநாள் விழிப்புணர்வுக் கூட்டம் நடத்திப் புகைப்படம் எடுத்து மேலே அனுப்புவதால் எதுவும் ஆகாது. பெஞ்சைக் கலைத்துப் போட்டு, பையனும் பெண்ணும் ஒரே சார்ட் அட்டையில் திணைப் படம் வரையவைத்து, சண்டை போட்டு, சமாதானமாகி, மறுபடி சண்டை போட்டு வளரவேண்டிய பழக்கம் இது. ஒரு பெண்ணையாவது நண்பராகத் தெரிந்த பையன், அவளை நினைத்துக்கொண்டுதான் ஒரு ஆபாசக் கமெண்டைப் படிப்பான்.

வீட்டுக்கும் இதில் பங்கு உண்டு, முக்கியமாக அப்பாக்களுக்கு. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அம்மாக்கள்தான் வருகிறார்கள். போனைப் பிடுங்கி வைக்கலாமா என்று கேட்கிறார்கள். பதினாறு வயதுக்குட்பட்டவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கே கூடாது என்று ஆஸ்திரேலியா 2025 டிசம்பரில் சட்டத்தை நடைமுறைப்படுத்தியதையும் ஒரு அம்மா கேட்டு வைத்திருந்தார். போனுக்கு நேரக் கட்டுப்பாடு வேண்டும், சந்தேகமே இல்லை. ஆனால் போன் இருந்த இடத்தில் என்ன வைப்பீர்கள்? அந்த வீட்டில் அப்பா தன் வேலை போனதையும் கடனையும் என்றைக்காவது பையனிடம் சொல்லியிருக்கிறாரா? சொல்லாமல் குடித்துவிட்டு வந்து தட்டை எறிகிற அப்பாவைத்தான் பையன் பார்க்கிறான். 2022இல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிந்திருக்கிறது. பத்தில் ஏழு பேர் ஆண்கள். மாநிலங்களில் மகாராஷ்டிரத்துக்கு அடுத்து தமிழ்நாடு, 19,834. கடன், நோய், குடும்பத் தகராறு என்று காரணப் பட்டியல் போகும். அந்த வரிசையில் ஏதாவது ஒரு கட்டத்தில் வாய்விட்டுச் சொல்லத் தெரிந்திருந்தால் எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள் என்று என்னால் யோசிக்காமல் இருக்க முடியவில்லை. அழத் தெரியாத ஆண்மையால் முதலில் அடிபடுவது பெண். பிறகு அது அவனையே தின்கிறது.

இவ்வளவு தூரம் பையன்களைப் பற்றியே பேசிவிட்டேன். என் வகுப்பிலும் அப்படித்தான் ஆனது. ஒருநாள் ஒரு மாணவி எழுந்து நின்றாள். "அம்மா, அவங்க அழுறதுக்கு நாங்க என்னம்மா பண்ணணும்? நாங்களும்தான் அழுறோம், அத யாரு கேட்டா?" அவள் கேட்டது சரி. பையனின் காயத்தைப் புரிந்துகொள்வது ஆசிரியர் வேலை, பெற்றோர் வேலை. அந்த வேலையை அவன் கமெண்டால் காயப்பட்ட பெண்ணின் தலையில் கட்டுவது அநியாயம். அன்றிலிருந்து மாணவிகளுக்கு வெகுளியைத் தனியாக எடுத்துக்கொண்டோம். தொல்காப்பியர் வெகுளிக்குச் சொல்லும் காரணங்களில் ஒன்று அலைத்தல். வைவதையும் அடிப்பதையும் அதில் அடக்குவார்கள் உரையாசிரியர்கள். அப்படியானால் திட்டு வாங்கிய பெண் கோபப்படுவதற்கு இலக்கண அனுமதியே இருக்கிறது என்றேன். முதல்முறையாக அந்தப் பக்கத்திலிருந்து சத்தமான சிரிப்பு வந்தது.

அவர்கள் சொன்ன கதைகள் வேறு மாதிரி. வாட்ஸப்பில் தன் முகத்தை வைப்பவர்கள் யாருமே இல்லை. ரோஜாப்பூ, முருகன், குழந்தை, ஏதாவது ஒரு நடிகை. படத்தை எடுத்து மார்பிங் செய்துவிடுவார்கள் என்ற பயம். அந்தப் பயம் கற்பனையில்லை. 2016 ஜூனில் சேலம் மாவட்டத்தில் ஒரு இளம்பெண்ணின் படத்தை அப்படித் திரித்து ஃபேஸ்புக்கில் போட்டார்கள். புகார் கொடுத்தும் நடவடிக்கை தாமதமானது. பெற்றோரே தன்னை நம்பவில்லையே என்ற வேதனையை எழுதிவைத்துவிட்டு அவள் உயிரை விட்டாள். வருஷங்கள் பல ஆகிவிட்டன. என் மாணவிகளுக்கு அவள் பெயர் தெரியாது, அந்தப் பாடம் மட்டும் தெரியும்: ஏதாவது நடந்தால் வீட்டில் சொல்லாதே, போனைப் பிடுங்குவார்கள், படிப்பை நிறுத்துவார்கள், மாப்பிள்ளை பார்ப்பார்கள். "இன்ஸ்டால என் பேர்ல ஒரு ஐடி இருக்கும்மா, அது நான் இல்ல" என்று ஒருத்தி மெதுவாகச் சொன்னபோது மூன்று நான்கு தலைகள் திரும்பின. அவர்கள் பேரிலும் இருந்தது.

பத்தாம் வகுப்புத் தமிழில் ஒரு கடிதம் வரும். உணவு விடுதியில் தரமற்ற உணவு கொடுத்தார்கள், விலையும் அதிகம் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையருக்குப் புகார். எல்லாப் பிள்ளைகளுக்கும் தலைகீழ்ப் பாடம். அனுப்புநர், பெறுநர், பொருள், இணைப்பு. அதே வடிவத்தில் இணையக் குற்றப் பிரிவுக்கு ஒரு புகார் எழுதுவோம் என்றேன். பொய்க் கணக்கின் முகவரி, அது கண்ணில் பட்ட தேதியும் நேரமும், ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகே பிளாக் செய்யவேண்டும் என்ற எச்சரிக்கை, 1930 என்ற உதவி எண், பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு 1098. பையன்களும் எழுதினார்கள், எழுதத்தான் வேண்டும். என்னென்ன செய்தால் அது குற்றம் என்ற பட்டியலை எழுதும்போது சிலர் பேனாவை நிறுத்திவிட்டு யோசித்தது தெரிந்தது. 'பொருள்' என்ற இடத்தில் ஒருத்தி, "என் அனுமதியின்றி என் படத்தையும் பெயரையும் பயன்படுத்துபவர்மீது நடவடிக்கை கோருதல்" என்று அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருந்தாள். மாதிரி விடை என்று பலகையில் அதையே எழுதிப்போட்டேன்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் கையைத் தூக்கினான். "அம்மா, அனுப்புநர்ல அவங்க பேரப் போட்டா ஊருக்கே தெரிஞ்சிருமே. பேரு போடாம குடுக்க முடியாதா?"

முடியும் என்றேன். பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றங்களுக்கு அரசின் புகார்த் தளத்தில் பெயர் சொல்லாமலும் பதியலாம். அதை எப்படிச் செய்வது என்று அடுத்த பாடவேளையில் கணினி அறையில் உட்கார்ந்து பார்ப்பதாக முடிவானது. கணக்கு ஆசிரியரிடம் நேரம் கேட்டிருக்கிறேன்.